காலாங் ஆறும் மூன்று சொற்களும்

ஆற்றுக்குச் செய்யப்படும் நற்பணியைக் குறிக்கத் தூய்மைப்படுத்தல், சீரமைத்தல், மீட்டல் ஆகிய மூன்று சொற்களை நாம் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கி வருகிறோம். செய்தித்தாள்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் இவை ஒருபொருட் பன்மொழி போலவே ஆளப்படுகின்றன. சிங்கப்பூரின் மிக நீண்ட ஆறாகிய காலாங்கின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு இம்மூன்றும் வெவ்வேறு செயல்கள் என்பது விளங்கும். முதல் இரண்டும் அவ்வாற்றில் நடந்தேறியுள்ளன. மூன்றாவதைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கில்லை. இவற்றை வேறுபடுத்திக் காட்டும் அளவுகோலாக மீனைக் கொள்கிறேன்.

காலாங் ஆறு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுடையது. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து தெற்கு நோக்கி ஓடி மரினா நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. அதன் கழிமுகத்தில் படகுகளையே இல்லமாகக் கொண்டு மீன்பிடித்து வாழ்ந்தோர் ஓராங் பிடுவாண்டா காலாங் எனப்பட்ட மக்கள். 1819இல் ஆங்கிலேயர் வந்தபின் தெமெங்கோங் அவர்களை ஜொகூரின் பூலாய் ஆற்றுக்கு இடம்பெயர்த்தார். அங்கே பெரியம்மை அவர்களுள் பெரும்பாலோரைக் கொண்டுபோயிற்று. பெயர் மட்டும் இங்கே எஞ்சியது. பின்னர் 1912இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கம் ஆற்றின் தலைப்பகுதியைத் தனதாக்கிக்கொண்டது. 1937இல் கழிமுகச் சதுப்பைத் தூர்த்த நிலத்தில் விமான நிலையம் எழுந்தது. இடைப்பட்ட போத்தோங் பாசிரின் பெயருக்கு மலாயில் ‘மணல் வெட்டுதல்’ என்பது பொருள். ஓர் ஆற்றுக்கு நேர்ந்ததை இடப்பெயரே சொல்லிவிடும்போது கல்வெட்டு எதற்கு?

அந்தப் போத்தோங் பாசிர்தான் வெள்ளத்திற்கும் பெயர்பெற்றிருந்தது. மழைநீரை விரைந்து கடலுக்கு அனுப்புவதே நகரின் முதற்கடமை என்று பொறியாளர் கருதினர். 1978 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட எவரும் அவர்களைக் குறைகூறமாட்டார். ஆற்றின் வளைவுகள் நிமிர்த்தப்பட்டன. படுகையும் கரையும் கற்காரையால் மூடப்பட்டன. பேச்சுவழக்கில் ஆறு ‘லொங்காங்’ ஆயிற்று. சாக்கடைக்கும் பெருங்கால்வாய்க்கும் பொதுவாக வழங்கும் அம்மலாய்ச் சொல்லை நம் தமிழரும் தயக்கமின்றி ஏற்றனர்.

கற்காரைக் கால்வாயில் மீன் ஏன் வாழ்வதில்லை என்பதை விளக்கப் பழந்தமிழ்ச் சொற்கள் இரண்டு துணைசெய்யும். ஒன்று கயம், ஆழமான நீர்ப்பள்ளம். மற்றொன்று அறல், ஓடுநீர் வரிவரியாக அரித்த மணல். மழையற்ற நாளில் மீன் ஒதுங்குவது கயத்தில். ஆழமற்ற மணற்பரப்பிலும் கல்லிடுக்கிலும் நீர் புரண்டோடும்போது காற்று கலக்கிறது; பூச்சிப் புழுக்கள் அங்கே பெருகுகின்றன; முட்டையிட இடமும் கிடைக்கிறது. கால்வாயில் இவ்விரண்டும் இல்லை. வெயில்நாளில் கணுக்கால் அளவு நீர் நிழலின்றிச் சுடுகிறது. மழை பெய்த சிறிது நேரத்திலோ அது பெருவேகம் கொண்டு, எதிர்ப்பட்டதையெல்லாம் அடித்துச் செல்கிறது. விராலும் பனையேறிக் கெண்டையும் காற்றைச் சுவாசிக்க வல்லவையாதலால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஏனைய மீன்களுக்கு அந்த வழி இல்லை.

1977 பிப்ரவரியில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பேசிய பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன்பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று இலக்கு வகுத்தார். இரசாயன அளவுகள் பல இருக்க, அவர் மீனைத் தேர்ந்தது கருதத்தக்கது. எவர்க்கும் விளங்கும் சான்று அது. தொடர்ந்து நடந்த பணியின் பரப்பு வியப்பூட்டுவது. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் குடிபெயர்க்கப்பட்டன. தெருவோர உணவுக் கடைக்காரர் சுமார் 5,000 பேர் உணவங்காடி நிலையங்களுக்குச் சென்றனர். 1983இல் சரக்குத் தோணிகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. 1987இல் பணி நிறைவுற்றபோது நீரின் நாற்றம் போயிருந்தது, மீனும் வந்திருந்தது. இதுவே தூய்மைப்படுத்தல். அச்சொல்லைக் குறைத்து மதிப்பிட எவர்க்கும் உரிமையில்லை. வாழ்விடத்தையும் பிழைப்பையும் துறந்தோர் கொடுத்த விலையும் அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. ஆயினும் தூய நீர் ஓடியது கற்காரையின் மேல்தான்.

இரண்டாம் செயல் 2009இல் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் தொடங்கியது. அதுவரை பூங்காவும் கால்வாயும் அருகருகே இருந்தும் அயலார் போலவே இருந்தன. பூங்கா தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு; கால்வாயோ பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு. இரண்டும் பொது நிலமே. எனினும் வேலி இருந்தது. அவ்வேலியை நீக்கியதையே இத்திட்டத்தின் உண்மையான அருஞ்செயலாக நான் கருதுகிறேன். 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாய் உடைக்கப்பட்டு 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாயிற்று. பெருமழையில் நீர் ஏறிப் பரவுவதற்குப் பூங்காவின் புல்வெளி விட்டுக்கொடுக்கப்பட்டது; 17 முதல் 24 மீட்டர் வரையே இருந்த நீரின் அகலம் அப்போது 100 மீட்டரை எட்டும். கரையைக் காக்க வேரும் கல்லும் மண்ணும் பயன்பட்டன. வெப்பமண்டல மழைக்கு இவை தாங்குமா என அறிய, முன்னதாக ஒரு சிறு வடிகாலில் பத்து முறைகளைச் சோதித்து ஏழைத் தேர்ந்தனர். உடைத்த கற்காரைப் பலகைகளைக் குவித்துப் பூங்காவிலேயே ஒரு குன்று அமைத்தனர். 2012 மார்ச்சில் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டது.

நிலம் பற்றி இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தமிழக வருவாய்த்துறை வழக்கில் ஆறும் ஓடையும் ‘புறம்போக்கு’ நிலம். எவர்க்கும் பட்டா இல்லாத பொதுவிடம். எவர்க்கும் உரியதன்று என்பதே ஏளனத்திற்கு வித்தாகி, அச்சொல் இன்று வசைமொழியாகிவிட்டது. சிங்கப்பூரில் பெரும்பகுதி நிலம் அரசின் கையில் உள்ளது; ஆற்றை வளைக்க இடம் கிடைத்ததற்கு அதுவே காரணம். ஆனால் ஆற்றில் சேரும் மழைநீர் தனியார் கூரைகளிலிருந்தும் வண்டி நிறுத்துமிடங்களிலிருந்தும் வருகிறது. ஆகவேதான் 2014 முதல் 0.2 ஹெக்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள புதிய கட்டுமானங்கள் மழைநீரைத் தம் எல்லைக்குள்ளேயே சற்று நேரம் தேக்கி, 25 முதல் 35 விழுக்காடு வரை வேகம் தணித்து வெளிவிட வேண்டும் என்ற விதி வந்தது. வெள்ளத் தடுப்புக்கென இயற்றப்பட்ட விதிதான். மேட்டிலுள்ள அடுக்குமாடியின் நிலவறைத் தொட்டி தாழ்விலுள்ள மீன்குஞ்சுக்கும் காவலாகலாம் என்பதை அதனை வகுத்தோர் எண்ணியிருந்தாலும் இல்லாவிட்டாலும், பயன் ஒன்றே.

இனி, திருத்திய ஆற்றுக்கு எந்த மீன் வந்தது? தட்டான்கள் வந்தன, பறவைகள் வந்தன, நீர்நாய்க் குடும்பங்கள் வந்து நாடறிந்த பெயர் பெற்றன. மீனைப் பொறுத்தவரை விடை அத்துணை இனிதன்று. சிங்கப்பூரின் திறந்த நகர்ப்புற நீர்நிலைகளில் அயல் இனங்களே மேலோங்கியுள்ளன. காலாங் அதற்கு விலக்கன்று. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் பரவியதால் மலாயில் ‘ஈக்கான் ஜெப்புன்’ என்று பெயர்பெற்ற திலாப்பியா அவற்றுள் ஒன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அம்மீனைத் தமிழகத்தார் ‘ஜிலேபிக் கெண்டை’ ஆக்கிவிட்டனர். கொசுப்புழுவை ஒழிக்க விடப்பட்ட கப்பி மற்றொன்று. வளர்ப்புத் தொட்டியில் சலித்துப்போனவையும் விசாக தினத்தில் புண்ணியம் கருதி விடப்படுபவையும் இவற்றோடு சேர்கின்றன. விடுவோரின் இரக்கத்தை ஐயுறவில்லை. விடுவிக்கப்பட்ட மீன் அந்த ஆற்றைச் சேர்ந்ததன்று என்பதே சிக்கல். நீர்நாய்களுக்கு இவ்வேறுபாடு தெரியாது. அவை திலாப்பியாவை விரும்பியே உண்கின்றன.

எனவே 2012இல் நடந்ததைச் சீரமைத்தல் என்றே சொல்வேன். மீட்டல் என்பது இழந்ததைத் திரும்பப் பெறுதல். இத்தீவின் பூர்விக நன்னீர் மீன்களில் ஏறத்தாழப் பாதி இன்று நீ சூன் சதுப்புக் காட்டில் அடைக்கலம் புகுந்துள்ளன. இலைச்சருகு ஊறித் தேநீர் நிறம் கொண்ட, புளிப்புத் தன்மையுள்ள, நிழல் குளிர்ந்த நீர் அவற்றுக்கு வேண்டும். புக்கிட் தீமா ஓடையில் கண்டறியப்பட்டு 1986இல் அறிவியல் பெயர் பெற்ற சிங்கப்பூர் நன்னீர் நண்டும் இத்தகைய சிற்றோடைகளையே நம்பியுள்ளது. அதனைக் காப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்வித்து ஓடைகளில் விடும் பணி நடைபெறுகிறது. கையளவு ஓடைகளில், ஆரவாரமின்றி நடக்கும் அப்பணியே மீட்டல் என்ற சொல்லுக்கு மிக அருகில் நிற்கிறது.

காலாங்கின் மேட்டுப்பகுதிக் காட்டோடைகளுக்கும் பூங்கா ஆற்றுக்கும் நடுவே அணை நிற்கிறது. மீன் தானாக இறங்கிவர இயலாது. கொண்டுவந்து விட்டாலும், கரைமரங்கள் முதிர்ந்து நீர்மேல் நிழல் கவியும்வரை அது தங்காது. செம்பொன் உடலில் கரிய ஆப்பு வடிவம் தாங்கிய ஹார்லிகுவின் ரஸ்போரா என்னும் சிறுமீன், 1904இல் அறிவியலுக்கு அறிமுகமாகி, இன்று உலகெங்கும் வளர்ப்புமீன் கடைகளின் கண்ணாடித் தொட்டிகளில் நீந்துகிறது. சிங்கப்பூரில் அதனைக் கூட்டமாகக் காண விரும்புவோர் இன்றும் கடைக்குத்தான் செல்ல வேண்டும்.