குற்றாலம்: சாரல் காலத்திலிருந்து செயற்கை அருவி வரை

குற்றாலத்தை உல்லாசப் பயண ஊராக்கியது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவுக்கு அருகே தாழ்ந்து கணவாயாக வழிவிடுகிறது. ஜூன் மாதம் கொல்லம் கரையில் ஏறும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகச் செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் வந்து சேர்கிறது. மழையில் பெரும்பங்கை மலைக்கு அப்பாலேயே இறக்கிவிடுவதால் இந்தப் பக்கம் விழுவது பொடித்தூறல்தான். அதற்குச் சாரல் என்று பெயர். வெயில் அடிக்கும்போதே தூறும். துணி நனைவதற்குள் காற்று உலர்த்திவிடும். கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர்கூட உயரமில்லாத ஊரில் மலைவாசஸ்தலத்தின் குளிர்ச்சி கிடைப்பது இதனால்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான இந்தக் காலத்தைத்தான் திருநெல்வேலிச் சீமையில் ‘சீசன்’ என்கிறார்கள். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையிலும் அருவிகள் கொட்டும். ஆனால் அது வெள்ளம், சாரல் அல்ல.

சிற்றாறு மலையிலிருந்து இறங்கும் வழியில் தேனருவி, செண்பகாதேவி அருவி ஆகியவற்றைக் கடந்து பேரருவியாக ஊருக்குள் விழுகிறது. பேரருவியின் உயரம் சுமார் 200 அடி. அந்த உயரத்திலிருந்து நேராக விழும் தண்ணீரின் கீழ் எவரும் நிற்க முடியாது. இங்கே நிற்க முடிவதற்குக் காரணம் பாறையின் நடுவே இருக்கும் பொங்குமாங்கடல் என்ற ஆழ்ந்த பள்ளம். மேலிருந்து வரும் தண்ணீர் முதலில் அதில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து, பிறகு அகன்ற பாறையில் பரவிக் கீழே வருகிறது. தலையிலும் தோளிலும் அடிக்கிறது, ஆனால் ஆளைச் சாய்ப்பதில்லை. குளிப்பவர்கள் மணிக்கணக்கில் அருவியை விட்டு வர மனமில்லாமல் நிற்பது இந்த அளவான அடிக்காகத்தான். எந்தப் பொறியாளரும் கணக்குப் போட்டு அமைக்காத அளவு அது. பிற்காலத்தில் பம்பு செட்டும் சிமென்ட் பாறையும் வைத்து அருவி கட்டியவர்களுக்குக் கடைசிவரை பிடிபடாததும் அதுதான்.

அருவியைச் சுற்றி முதலில் ஓர் ஒழுங்கை அமைத்தது கோயில். திருஞானசம்பந்தர் பாடிய தலங்கள் குற்றாலமும் குறும்பலாவும். சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயில் பேரருவியின் காலடியிலேயே இருக்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபை சற்றுத் தள்ளித் தனியே நிற்கிறது. மற்ற சபைகளில் ஆடல்வல்லான் உலோகத்திலோ கல்லிலோ எழுந்தருளியிருக்க, இங்கே சுவரில் வண்ண ஓவியமாக இருக்கிறார். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி, மலையையும் அருவியையும் குரங்கையும் குறத்தியையும் தமிழ் தெரிந்த எல்லோருக்கும் பழக்கமாக்கியது. அப்போது மதுரையை ஆண்ட நாயக்க மன்னர் கவிராயருக்குக் கொடுத்த மானிய நிலம் குறவஞ்சி மேடு என்று வழங்கியது. விளம்பரப் பலகையும் சுற்றுலாத் துறையும் இல்லாத காலத்தில் ஓர் ஊருக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்க முடியாது.

கோயில் காலத்துக் குற்றாலத்தில் குளியல் தனி நிகழ்ச்சி அல்ல. அருவியாடி, ஈரத் துணியோடு சந்நிதிக்குப் போய், மண்டபத்தில் இளைப்பாறித் திரும்புவார்கள். தீர்த்தம், மூர்த்தி, தலம் என்ற வரிசை அப்படியே நடைபாதையாக அமைந்திருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி வந்தபோது இன்னொரு பயன் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையடிவாரத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிடும் வாசனைத் தோட்டங்கள் போடப்பட்டன. 1830களில் தாவரவியலாளர் இராபர்ட் வைட் இங்கே செடிகளைச் சேகரித்தார்; தென்னிந்தியத் தாவரங்கள் குறித்த அவருடைய பதிவுகளில் குற்றாலம் அடிக்கடி வரும் பெயர். திருநெல்வேலி ஜில்லாவின் ஐரோப்பிய அதிகாரிகள் சாரல் மாதங்களில் இங்கே பங்களா எடுத்துத் தங்கினார்கள். அவர்களைப் பார்த்து ஜமீன்தார்களும் பங்களா கட்டினார்கள். திருவிதாங்கூர் மன்னருக்கும் ஓர் அரண்மனை எழுந்தது. மன்னராட்சி போய், மாநில எல்லைகள் மாறிய பிறகும் அந்த அரண்மனை கேரள அரசின் சொத்தாகவே இருந்து வருகிறது. இன்றைய சீசன் பேருந்துகளில் வருவோர் எங்கெங்கும் பார்க்கும் மங்குஸ்தான், ரம்பூட்டான் போன்ற பழங்கள் இந்த மலைச்சரிவின் தோட்டங்களில் விளைபவை. அரசுப் பழத்தோட்டத்தை ஒட்டிய அருவிக்குப் பழத்தோட்ட அருவி என்றே பெயர். பொதுமக்களுக்கு எளிதில் திறக்காததால் அதை வி.ஐ.பி. அருவி என்றும் சொல்வார்கள்.

1903, 1904ஆம் ஆண்டுகளில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கியது. 1927இல் விருதுநகரிலிருந்து வரும் பாதையும் தென்காசியில் வந்து சேர்ந்தது. ரயிலை விட்டிறங்கி மாட்டு வண்டியிலோ ஜட்காவிலோ ஏறினால் மூன்று மைல் சவாரி. வக்கீல்களும் பண்ணையார்களும் அரசு அலுவலர்களும் குடும்பத்தோடு வந்தார்கள். சுற்றிப் பார்க்க வரவில்லை, குடியிருக்க வந்தார்கள். பாத்திரம் பண்டம், அரிசி, சமையலாள் எல்லாம் கூடவே வரும். வீட்டை மாதக் கணக்கில் வாடகைக்குப் பேசுவார்கள். காலையில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவி, திரும்பி வந்தால் பசி, சாப்பாடு, தூக்கம், மாலையில் இன்னோர் அருவி: இதுதான் தினசரி. ஐந்தருவிக்கு ஒரு நாள், பழைய குற்றாலம் அருவிக்கு ஒரு நாள், செண்பகாதேவிக்கு மலையேற ஒரு நாள் என்று பங்கிட்டுக்கொள்ள அவர்களுக்கு நாள்கள் இருந்தன.

இந்த வாழ்க்கையின் உச்சத்தைக் காட்டுவது ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் குற்றாலம். அறநிலையத் துறை ஆணையராக இருந்து ஓய்வு பெற்றவர் இங்கேயே குடியமர்ந்தார். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை வீட்டில் அவர் நடத்திய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் அவரோடு குற்றாலத்துக்கும் வந்துவிட்டது என்று சொல்லலாம். ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கினார்கள். கம்பன் பாடலை ஒருவர் மெதுவாகச் சொல்ல, மற்றவர்கள் அதை அசைபோட, பொழுது போவதே தெரியாது. டி.கே.சி. வீட்டு விருந்தும் அதன் பரிமாறும் முறையும் தனிக் கதையாகப் பலர் எழுதும் அளவுக்குப் பெயர் பெற்றவை. 1954இல் அவர் மறைந்தார். நினைவிடம் குற்றாலத்திலேயே இருக்கிறது. ‘அந்தக் காலத்துக் குற்றாலம்’ என்று இன்று முதியவர்கள் சொல்லும்போது அவர்கள் மனத்தில் இருப்பது பெரும்பாலும் இந்த முப்பது, நாற்பது ஆண்டுகள்தான்.

அந்தப் பொற்காலத்துக்கு ஒரு வாசல் இருந்தது. அது எல்லோருக்கும் திறக்கவில்லை. 1934 ஜனவரியில் ஹரிஜன யாத்திரையின்போது குற்றாலத்துக்கு வந்த காந்தி, தாழ்த்தப்பட்டோருக்கு அருவியில் குளிக்க இடமில்லை என்று அறிந்து தாமும் குளிக்க மறுத்தார். சென்னை மாகாணத்தின் கோயில் நுழைவுச் சட்டம் 1947இல்தான் முழு வடிவம் பெற்றது. அருவிக்கரையில் அமைதி இருந்தது என்று பழைய எழுத்துகளில் படிக்கும்போது, அந்த அமைதியில் ஒரு பகுதி ஆள்களை வெளியே நிறுத்தியதால் கிடைத்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது. குற்றாலம் கெட்டுவிட்டது என்று வருந்தியவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை வட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பிரானூரில் இருந்த எல்லை மறைந்தது, ‘பார்டர்’ என்ற பெயர் மட்டும் பரோட்டாக் கடைகளில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிந்திய பத்தாண்டுகளில் பேருந்து, வேன், பிறகு சொந்தக் கார் என்று வருகிறவர்களின் வண்டி மாறியது. மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் விடியற்காலையில் கிளம்பி, குளித்து, பிரானூரில் சாப்பிட்டு, இரவுக்குள் வீடு திரும்பலாம் என்றானது. ஒரு மாதத் தங்கல் ஒரு வாரமாகி, இரண்டு நாளாகி, கடைசியில் அரைநாளானது. பங்களாக்கள் லாட்ஜுகளாயின.

அரைநாள் விருந்தாளிக்கு வேண்டியவை வேறு. அவருக்கு உடனே குளிக்க இடம் வேண்டும், உடைமாற்ற அறை வேண்டும், வண்டி நிறுத்த மைதானம் வேண்டும். பேரருவியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித் தனிப் பகுதி, பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பிகள், இரவிலும் குளிக்க மின்விளக்குகள், மேலே ஒரு பாதுகாப்பு வளைவு எல்லாம் அமைந்தன. ‘ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி விழுது’ என்றால் அன்று குளியல் இல்லை. போலீஸார் விசில் ஊதிக் கூட்டத்தை நகர்த்துவார்கள். வரிசையில் காத்திருந்து அருவியின் கீழ் சில நிமிடம் நின்றவுடன் பின்னால் இருப்பவர் முதுகில் தட்டுவார். கோயிலுக்கும் அருவிக்கும் இடைப்பட்ட வழி சீசனுக்கு ஏலம் விடப்படும் தற்காலிகக் கடைகளால் நிறைந்தது. சிப்ஸ், அல்வா, பொம்மை, துண்டு, எண்ணெய் மசாஜ் எல்லாம் ஒரே சந்தில். தென்னங்கீற்றும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்ட இத்தகைய கடைகள் 2023 ஆகஸ்டில் தீப்பற்றி எரிந்தன.

ஆற்றில் சேர்ந்த அழுக்கும் கணக்கில் வந்தது. எண்ணெய், சீயக்காய், சோப்பு, ஷாம்பு பாக்கெட் எல்லாம் அருவியில் கலந்து சிற்றாற்றோடு தென்காசி வயல்களுக்குப் போயின. 2010களின் நடுவில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அருவிகளில் இவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தது. எண்ணெய்க் குளியலுக்காகவே மக்கள் தலைமுறை தலைமுறையாக வந்த ஊரில் எண்ணெய்க்குத் தடை என்பது மூத்த சீசன்காரர்களுக்கு ஏற்க முடியாத ஒன்று. ஆனால் சில நூறு பேர் தேய்த்த எண்ணெயும் ஆயிரமாயிரம் பேர் தேய்த்த எண்ணெயும் ஆற்றுக்கு ஒன்றல்ல.

மேலே உள்ள அருவிகளின் வழி இன்னும் குறுகியது. காட்டுக்குள் இருக்கும் தேனருவிக்குச் செல்ல வனத்துறை அனுமதிப்பதில்லை. செண்பகாதேவிக்கும் கட்டுப்பாடு உண்டு. மாதம் முழுக்கத் தங்கிய குடும்பங்களின் வாரப் பயணமாக இருந்த மலையேற்றம் இப்படி முடிந்தது. காட்டு விலங்குகளின் பாதுகாப்பும் வழுக்குப் பாறையில் நேர்ந்த மரணங்களும் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். இரண்டும் மறுக்க முடியாதவை.

அந்தக் காலம் போய்விட்டது என்ற மனக்குறை குற்றாலத்துக்கு மட்டும் உரியதல்ல. 1955இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்டைத் திறந்தபோது அதன் வடிவமைப்பாளர்கள் உட்கார நிழலும், அவசரமின்றி நடக்கப் பாதையும், விளையாட்டு எதிலும் ஏறாதவர்களுக்கும் பார்க்க ஏதாவதும் இருக்கும்படி இடத்தை அமைத்தார்கள். 1999இல் அங்கே வரிசையைத் தவிர்க்கும் சீட்டு இலவசமாக வந்தது; 2021இல் அது கட்டணச் சேவையாக மாறியது. இதைக் கண்ட அமெரிக்காவின் மூத்த பூங்கா வடிவமைப்பாளர்களின் வருத்தத்துக்கும் குற்றாலத்து மூத்தவர்களின் வருத்தத்துக்கும் அடி ஒன்றே: பொழுதைப் போக்குவதற்காக அமைந்த இடம், பொழுதைத் துண்டு துண்டாகப் பங்கிடும் இடமாகிவிட்டது. ஒரு வேறுபாடும் உண்டு. டிஸ்னிலேண்டை மாற்றியவர்கள் அதன் உரிமையாளர்கள். குற்றாலத்தை மாற்றியது யாருடைய திட்டமும் அல்ல. பேருந்து, விடுமுறை, மக்கள்தொகை ஆகியவை சேர்ந்து மாற்றின.

தமிழகத்தில் பொழுதுபோக்குப் பூங்காக்கள் பெருகியதும் குற்றாலம் இப்படி மாறிவந்த காலத்தில்தான். முதல் இந்திய முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தா’னைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் 1995இல் தாம்பரத்துக்கு அருகே கிஷ்கிந்தாவைத் திறந்தார். சிமென்ட் பாறையும் மோட்டார் ஏற்றும் தண்ணீரும் கொண்ட அருவி இத்தகைய பூங்காக்களில் வழக்கமான அங்கமானது. பருவமழைக்குக் காத்திருக்க வேண்டாம், வெள்ள பயமில்லை, நுழைவுச்சீட்டு வாங்கினால் போதும்.

அந்த வழக்கம் குற்றாலத்துக்கே திரும்பி வந்ததுதான் கதையின் விசித்திரமான பகுதி. அடிவாரத்தில் எழுந்த ரிசார்ட்டுகள் தங்கள் விருந்தினருக்காக வளாகத்துக்குள்ளேயே அருவி அமைத்தன. அவற்றில் சில, மலையிலிருந்து வரும் ஓடையையே திருப்பிவிட்டதாகப் புகார் எழுந்தது. அருவியில் தண்ணீர் வற்றும் நாளிலும், வெள்ளத்தால் தடை போடும் நாளிலும் இந்தச் செயற்கை அருவிகளுக்கு மதிப்புக் கூடியது. இயற்கையான நீரோட்டத்தை வணிக நோக்கில் திருப்புவதை எதிர்த்து வந்த வழக்கில் மதுரைக் கிளை 2022 இறுதியில் தலையிட்டு, தென்காசி உள்ளிட்ட மலையோர மாவட்டங்களில் இத்தகைய விடுதிகளை ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது.

2024 மே 17 அன்று சீசன் தொடங்கும் முன்பே மலையில் பெய்த கனமழையால் பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்த 17 வயதுச் சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அதன் பின் தென்காசி மாவட்ட நிர்வாகம் எல்லா அருவிகளிலும் சில நாள்கள் குளிக்கத் தடை விதித்தது. சிறு வெள்ளத்துக்கும் உடனே தடை அறிவிப்பது அதன் பிறகு இன்னும் கண்டிப்பானது. சீசன் நாள்களில் ஊரை விட்டுக் கிளம்பும் முன் தடை உண்டா இல்லையா என்று செய்தியில் பார்த்துவிட்டு வண்டி எடுப்பது இப்போது பயணத்தின் முதல் வேலை.