செஞ்சியின் பெயர் பூண்ட செடி

செஞ்சி என்றதும் தமிழர் நெஞ்சில் எழுவது கோட்டையே. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் குன்றுகளை மதிலால் பிணைத்து நிற்கும் அக்கோட்டையின் வரலாற்றைச் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் விரிவாக ஆராய்ந்து எழுதினார். அந்நூல் 1943இல் வெளிவந்தது. தேசிங்குராசன் கதையைத் தெருக்கூத்தும் நாட்டுப்பாடலும் இன்றளவும் காத்து வருகின்றன. 2025 சூலையில் யுனெசுகோ நிறுவனம் மராட்டியர் காலப் படைத்தளங்களின் வரிசையில் செஞ்சியையும் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இவையனைத்தும் கல்லும் வாளும் பற்றிய வரலாறு. அக்குன்றங்களில் வளரும் செடி ஒன்றின் வாயிலாகவும் செஞ்சியின் பெயர் உலக அறிவேட்டில் ஏறியுள்ளது. அதனை அறிந்தோர் சிலரே.

அச்செடியின் அறிவியற்பெயர் 'ஹூபெராந்தா செஞ்சியானா' என்பது. இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் ஆர். முரளிதரன், டி. நரசிம்மன், என். பாலச்சந்திரன் ஆகிய மூவரும் இதனைப் புதிய சிற்றினமென விளக்கிப் பெயரிட்டனர். ஒரு செடிக்குப் பெயரிடுதல் அத்துணைப் பெரிய செயலோ என்று வினவலாம். சொல்லையே தொழிலாகக் கொண்ட கவிஞர்கள் அவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. ஒரு சொல் எதனைக் குறிக்கின்றது என்பதற்குச் சான்று எங்கே உள்ளது என்பதே அதன் உட்பொருள்.

பெயர்கள் பல கண்ட ஊர்

செஞ்சிக்கு வந்த ஆட்சிகள் பல. அவர்கள் இட்ட பெயர்களும் பல. 1649இல் கோட்டையைக் கைக்கொண்ட பீசப்பூர் சுல்தானியர் அதனைப் 'பாதுசாபாத்' என்றனர். 1677இல் அது சிவாசியின் வசமாயிற்று. 1690 முதல் 1698 வரை நீண்ட முற்றுகைக்குப்பின் முகலாயர் வென்றபோது, படைத்தலைவர் சுல்பிகார்கானின் 'நுசுரத்சங்கு' என்னும் சிறப்புப்பெயரால் கோட்டை 'நுசுரத்கட்' ஆயிற்று. 1750இல் பிரெஞ்சியரும் 1761இல் ஆங்கிலேயரும் கோட்டையுள் புகுந்தனர். அவர்தம் ஏடுகளில் ஊர்ப்பெயர் 'ஜிஞ்சி' எனத் திரிந்தது. ஆணையால் இடப்பட்ட பெயர்கள் ஆட்சியோடு மறைந்தன. மக்கள் நாவில் வழங்கிய செஞ்சி என்னும் பெயர் மட்டும் நிலைத்தது.

இப்பின்னணியில் நோக்கும்போது அம்மூவரின் தேர்வு குறிப்பிடத்தக்கது. ஆங்கில ஏடுகளின் திரிந்த வடிவத்தை அவர்கள் கொள்ளவில்லை. தமிழ் ஒலியையே கொண்டனர். 'செஞ்சி' என்னும் சொல்லின் இறுதியில் இலத்தீன் விகுதி சேர்ந்து 'செஞ்சியானா' ஆயிற்று. செஞ்சிக்கு உரியவள் என்று அதற்குப் பொருள் கூறலாம். பேரினப்பெயர் பெண்பாலாதலின் அடைமொழியும் பெண்பாலாயிற்று.

குடியும் கிளையும்

இச்செடி சீத்தாக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழர்க்கு இக்குடும்பம் புதிதன்று. சீத்தாப்பழமும் இராம்சீத்தாவும் இதனைச் சார்ந்தவை. மணத்தால் மயக்கும் மனோரஞ்சிதமும் இக்குடியினதே. பள்ளி வளாகங்களிலும் அலுவலக வாயில்களிலும் ஓங்கி நிற்கும் நெட்டிலிங்கமும் அவ்வாறே. மூன்று புல்லிகள், மும்மூன்றாக ஈரடுக்கில் அமைந்த ஆறு அல்லிகள், நெருங்கிய பல மகரந்தத்தாள்கள், தனித்தனியே நிற்கும் சூலகங்கள் ஆகியவை இக்குடும்பத்துப் பல செடிகளின் பொதுவியல்பு.

செஞ்சியின் செடி அடங்கும் பேரினத்திற்கு வேறு சில அடையாளங்கள் உண்டு. இலையின் நுண்ணரம்புகள் வலைபோலப் பின்னியிருக்கும். பூக்கள் இலைக்கக்கத்தில் தோன்றும். ஒரே பூவிலிருந்து சிறுகனிகள் தனித்தனிக் காம்புகளுடன் கொத்தாக விளையும். ஒவ்வொரு கனியிலும் ஒரு விதையே இருக்கும். சோழமண்டலக் கரையின் புதர்க்காடுகளிலும் குன்றுகளிலும் இப்பேரினத்தின் உறவுச்செடிகள் முன்னரே அறியப்பட்டவை. அவற்றுள் ஒன்றான 'செராசாய்டிசு' என்பதனை வில்லியம் ராக்சுபர்க்கு சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றிய தம் பெருநூலில் 1795இலேயே படத்துடன் வெளியிட்டார். ஆயினும் அவ்வுறவுச்செடிகளினின்று செஞ்சிச் செடியைப் பிரித்தறிய இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அரிய செடி கண்ணில் படாமல் இருப்பதுண்டு. கண்ணில் பட்டும் 'இது நாம் அறிந்ததே' என்று கடந்து செல்லப்படுவதும் உண்டு.

பெயரிடும் முறை

தாவரப் பெயரீட்டிற்கெனப் பன்னாட்டு விதித்தொகுப்பு ஒன்று உள்ளது. 1753ஆம் ஆண்டு மே முதல்நாளை, அதாவது லின்னேயசின் செடியின நூல் வெளிவந்ததாகக் கொள்ளப்படும் நாளை, அவ்விதிகள் தொடக்கமாகக் கொள்கின்றன. புதுச்செடி கண்டதாகக் கருதுவோர் முதலில் பூவும் கனியும் உள்ள கிளையைக் கொய்து, தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, அட்டையில் ஒட்டுவர். கொய்த இடம், நாள், கொய்தவர் பெயர், வரிசையெண் ஆகியவற்றை அதன்மேல் எழுதுவர். பின்னர் உலர்தாவரத் தொகுப்பகங்களிலுள்ள பழைய தாள்களையெல்லாம் ஒப்பிட்டு, எந்தெந்த உறுப்பால் இது வேறுபடுகின்றது என்பதை நிறுவுவர். கோயம்புத்தூரில் உள்ள மதராசு ஹெர்பேரியமும் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பகமும் தென்னாட்டில் இவ்வகை ஒப்பீட்டிற்கு உதவுவன.

இவற்றினும் இன்றியமையாதது 'வகைமாதிரி' என்பது. விளக்கத்திற்கு அடிப்படையான ஓர் உலர்மாதிரியைத் தேர்ந்து, 'இப்பெயர் இதற்கே உரியது' எனச் சுட்டித் தொகுப்பகத்தில் வைத்தல் வேண்டும். 1958 சனவரி முதல்நாள் தொடங்கி வகைமாதிரி சுட்டாத புதுச்சிற்றினப் பெயர் செல்லாது. 1935 முதல் 2011 முடிய இலத்தீன் மொழியிலும் விளக்கம் தரவேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. 2012 முதல் ஆங்கிலமும் ஏற்கப்படுகின்றது. பின்னாளில் ஐயம் எழுந்தால் நூலின் சொற்களோடு நின்றுவிடாமல் வகைமாதிரியையே எடுத்து நோக்குவர். சொல்லும் பொருளும் பிரியாதிருக்க அறிஞர் இட்ட முடிச்சு இது.

இம்முடிச்சின் ஆற்றலைப் பேரினப்பெயரின் வரலாறே காட்டும். நெடுங்காலம் நெட்டிலிங்கத்தோடு ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த இச்செடிகளை, மரபுக்கூற்று ஆய்வும் மகரந்த ஆய்வும் கொண்டு 2012இல் தனியே பிரித்தனர். இலங்கைத் தாவரநூலில் சீத்தாக் குடும்பப் பகுதியை எழுதிய செருமானியர் எர்பெர்ட்டு ஹூபெர் நினைவாக 'ஹூபெரா' என்று பெயரும் இட்டனர். ஆயின் தென்னமெரிக்கச் செடிகளுக்கு 'ஹூபெரியா' என்ற பெயர் முன்னரே இருந்தது. ஒலியால் மயக்கம் தரும் இரு பெயர்கள் உடன்நிற்கலாகாது என்பது விதி. ஆதலின் 2015இல் 'ஹூபெராந்தா' என்னும் மாற்றுப்பெயர் வந்தது. அதே 2012இல் நெட்டிலிங்கமும் 'மோனூன்' என்னும் வேறு பேரினத்திற்குச் சென்றது. அம்மரத்தை முதலில் விளக்கியவர் சொன்னெரா என்னும் பிரெஞ்சியர். அவர்தம் கீழைநாட்டுப் பயணநூல் 1782இல் வெளிவந்தது. அவர் இட்ட 'நீண்ட இலையுடையது' என்னும் அடைமொழி இன்றும் அம்மரத்தை விட்டு நீங்கவில்லை. பேரினம் மாறினும் சிற்றின அடைமொழி தொடர்ந்து வருதல் பொதுவிதி. நாளை ஆய்வு வேறாகிப் பேரினம் மீண்டும் மாறினும் 'செஞ்சி' என்னும் சொல் இச்செடியோடு செல்லும் என்று எதிர்பார்க்கலாம்.

தமிழ்மரபும் மலர்ப்பெயர்களும்

தமிழ்மரபு செடிகொடிகளைக் கூர்ந்து நோக்கிய மரபாகும். புறத்தே வன்மையுடையவற்றைப் புல்லென்றும் அகத்தே வன்மையுடையவற்றை மரமென்றும் தொல்காப்பிய மரபியல் பகுத்தது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை நிரல்படுத்தினார். அருவியாடிய மகளிர் அம்மலர்களைப் பறித்துப் பாறைமேல் குவித்தனர் என்பது அப்பாட்டின் காட்சி. 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், தமக்குக் கிடைத்த ஏட்டில் இம்மலர் வரிசையில் சில பெயர்கள் விடுபட்டிருக்கக் கண்டு வருந்தியதும், தருமபுர ஆதீனத்து ஏட்டைக்கொண்டு அவற்றை நிறைவு செய்ததும் தமிழுலகம் நன்கறிந்தவை.

பெயர்கள் இவ்வாறு மீண்டன. பொருள்கள் யாவும் மீண்டனவா? பி. எல். சாமி 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' என்னும் நூலிலும், கு. சீநிவாசன் 'சங்க இலக்கியத் தாவரங்கள்' என்னும் நூலிலும் இதற்கென அரிதின் உழைத்தனர். எனினும் கபிலர் கூறும் மலர்களுள் சிலவற்றை இன்ன செடியே எனத் துணிவதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகின்றது. ஓலை காத்தது சொல்லை மட்டுமே. அச்சொல் குறித்த மலர் காட்டில் எது என்பதை ஊரார் நினைவே காத்தது. அந்நினைவு அறுந்த இடத்தில் பெயர் தனித்து நின்றது. நம் காலத்திலும் இது நிகழ்கின்றது. நெட்டிலிங்கத்தை அசோகம் என்று அழைப்போர் பலர். பாட்டில் பயிலும் அசோகம் செந்நிறப் பூங்கொத்துடையது, அவரையினத்தோடு உறவுடைய வேறு மரம். பெயர் ஒரு மரத்தினின்று மற்றொன்றுக்குத் தாவிவிட்டதை நம் கவிதைகளும் சிலபோது கவனிப்பதில்லை.

இருதுறைப் பணியையும் ஒருவரே செய்த முன்மாதிரியும் உண்டு. தரங்கம்பாடிக்கு 1776இல் வந்த சமயப்பணியாளர் ரோட்லர், தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தார். அது 1834 முதல் வெளிவரலாயிற்று. அவரே தென்னாட்டுச் செடிகளைத் திரட்டி உலர்தாவரத் தொகுப்பும் அமைத்தார். அதனின்று பல தாள்கள் பின்னர் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தைச் சேர்ந்தன. சொல்லைத் தேடுதலும் செடியைத் தேடுதலும் அவரிடத்து அருகருகே நடந்தன.

காக்க வேண்டுவது

செஞ்சிச் செடியின் நிலை கபிலர் மலர்களின் நிலைக்கு நேர்மாறானது. அங்கே பெயர் உண்டு, பொருளில் ஐயம். இங்கே பொருள் குன்றின்மேல் நெடுங்காலம் நின்றது, அறிவியலேட்டில் பெயரில்லை. பெயரில்லாத செடியை அருகிவரும் உயிர்களின் பட்டியலில் சேர்க்கவும் வழியில்லை; அதன்பொருட்டு ஒரு காட்டைக் காக்குமாறு கேட்கவும் வழியில்லை. அழிந்தாலும் அழிந்தது எதுவெனக் கூற இயலாது. பெயரீட்டின் பயன் இங்குதான் விளங்குகின்றது.

எனினும் பெயர் காவலாகிவிடாது. செஞ்சிப் பகுதியின் பாறைக்குன்றுகளில் பெய்யும் மழை பாறையின்மேல் நில்லாது வழிந்து இடுக்குகளில் தங்கும். அங்குச் சேரும் சருகுமண்ணே புதர்களுக்கும் சிறுமரங்களுக்கும் வாழிடம். பக்கமலை முதலிய காடுகள் இவ்வாறு உருவான பசுமையின் எச்சங்கள். குன்றைக் கல்லுக்காக உடைத்தாலும், கோடைத்தீ ஆண்டுதோறும் படர்ந்தாலும், இளங்கன்று மேய்ச்சலில் அழிந்தாலும் இத்தகு சிறிய வாழிடம் மீளுதல் அரிது. காடு போனபின் தொகுப்பகத்து அட்டையில் உலர்ந்த கிளையும் பெயரும் மட்டும் எஞ்சும். அப்போது 'செஞ்சியானா' என்பதும் பொருளிழந்த மலர்ப்பெயர்களுள் ஒன்றாகிவிடும்.

இச்செடிக்குத் தமிழில் கவின்மிகு பெயர் ஒன்றை இட்டுவிடக் கவிஞர் உள்ளம் விழைதல் இயல்பே. அதற்குமுன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஆடு மேய்ப்போர், விறகும் மூலிகையும் தேடுவோர் என அக்குன்றுகளை நாளும் மிதிப்போரை அணுகி, இதனையும் இதன் உறவுச்செடிகளையும் அவர்கள் எவ்வாறு அழைக்கின்றனர் என்று கேட்டறிதல் வேண்டும். வழங்கும் பெயர் கிடைக்குமாயின் அதனைச் செடியோடு சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும். கேட்டவர், சொன்ன ஊர், நாள் ஆகியவற்றையும் உடன் குறித்தல் நன்று. பாதுசாபாத்தும் நுசுரத்கட்டும் மறைய, மக்கள் நாவிலிருந்த பெயர் நிலைத்ததைச் செஞ்சியே கற்பித்துள்ளது.

ஏட்டில் விடுபட்ட மலர்ப்பெயருக்காக ஒரு பதிப்பாசிரியர் மடந்தோறும் நடந்தார். குன்றில் பெயரின்றி நின்ற செடிக்காக மூவர் காடேறினர். இரண்டும் ஒரே பணியின் இரு பக்கங்கள். சொல்லைக் காக்க அமைந்த இலக்கிய வட்டங்கள் சொல்லின் பொருளையும் காக்கத் துணிந்து, ஆண்டிற்கொருமுறையேனும் தம் ஊர்க்குன்றின் செடிகளைப் பெயரறிந்து வருமாயின், வருங்காலத்துப் பதிப்பாசிரியர்க்கு அருஞ்சொற்பொருள் எழுதும் இடர் சிறிது குறையும்.