கல்லறைக்கு யார் சுண்ணாம்பு அடிப்பது?



காமர்ஸ் படிப்பவனுக்குக் கல்லறையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். போன நவம்பர் 2ஆம் தேதி நண்பன் கூப்பிட்டபோது நானும் இதையேதான் கேட்டேன். அன்று கல்லறைத் திருநாள். "ஆயா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கணும், ஆள் கம்மியா இருக்கு, நீயும் வாடா" என்றான். நெய்வேலியிலிருந்து கடலூருக்கு பஸ் ஏறினோம்.

போய்ப் பார்த்தால் கல்லறைத் தோட்டம் முழுக்கத் திருவிழாக் கூட்டம். புல் வெட்டுகிறார்கள், சுண்ணாம்பு அடிக்கிறார்கள், பூ வைக்கிறார்கள், மெழுகுவர்த்தி கொளுத்துகிறார்கள். ஆயாவின் கல்லறைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பழைய கல், பாதி மண்ணுக்குள் சாய்ந்து கிடந்தது. பாசி பிடித்திருந்தது. பூவும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை.

"இதுக்கு யாருடா அடிப்பாங்க?" என்றேன்.

"அதுக்கு ஆள் இல்லடா. அவங்க குடும்பமே இப்ப இங்க இல்ல."

வாளியில் சுண்ணாம்பு மிச்சமிருந்தது. இதற்கும் அடித்துவிடலாம் என்று மட்டையை எடுத்தேன். அங்கே நின்ற ஒரு பெரியவர் ஓடிவந்து தடுத்தார். "எழுத்து மேல அடிச்சிடாதீங்க தம்பி. குழியெல்லாம் அடைஞ்சிடும். அப்புறம் யாரும் படிக்க முடியாது."

நல்லது செய்வதாக நினைத்து ஒருவருடைய பெயரை அழிக்க இருந்தேன்! அந்த எண்ணம்தான் இந்தக் கட்டுரை.

பழசு இல்லாத ஊர்

எங்கள் டவுன்ஷிப்பில் பழைய தேவாலயம் என்று ஒன்றும் கிடையாது. 1956இல் நிலக்கரிக் கழகம் தொடங்கிய பிறகு வட்டம் வட்டமாகக் கட்டிய ஊர் இது. கோயில், சர்ச், பள்ளிவாசல் எல்லாமே நம் தாத்தா காலத்துக்குப் பிறகு வந்தவை. சுரங்கத்துக்காகச் சுற்றியிருந்த கிராமங்கள் இடம்பெயர்ந்தன. வீட்டுக்குப் பதில் வீடு, நிலத்துக்குப் பதில் பணம் என்று கணக்குப் போடலாம். முன்னோரைப் புதைத்த இடத்துக்கு என்ன விலை போடுவது? எந்தப் பேரேட்டிலும் அதற்குத் தலைப்பு இல்லை.

பழசைப் பார்க்க வேண்டுமானால் கடலூருக்குத்தான் போக வேண்டும். 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கி, புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்பது பேரம். "குண்டு கிராமங்கள்" என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, சில ஆண்டுகள் சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமே இதுதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார்.

கோட்டைக்கே இந்தக் கதி என்றால் கல்லறைக்கு? அதே லாலி 1758 கடைசியில் சென்னையை முற்றுகையிட்டார். பழைய சட்டக் கல்லூரிக் கட்டிடம் இருக்கும் பக்கத்தில்தான் அப்போது ஆங்கிலேயரின் இடுகாடு இருந்தது. உயரமான கல்லறைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பிரெஞ்சு வீரர்கள் கோட்டையைத் தாக்கினார்கள். முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் செய்த வேலை, தங்கள் சொந்தக்காரர்களின் கல்லறைகளையே இடித்தது! எழுத்து வெட்டிய பலகைகளைக் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது அவற்றில் சிலவற்றின் மேல் பீரங்கியை நிறுத்தினார்கள். 1680இல் கட்டிய புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்திருக்கும் கற்கள் இவைதான். கல் ஒரு இடத்தில், உடல் வேறு இடத்தில்.

பழைய இடத்தில் இடிபடாமல் நின்றவற்றில் ஒன்று, எலிஹு யேலின் மகன் டேவிட் யேல் புதைக்கப்பட்ட கூம்பு வடிவக் கல்லறை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் அது. அப்படியிருந்தும் அதை வேறு இடத்துக்கு மாற்றுவது பற்றி 2023இல் உயர்நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. அன்று போர், இன்று இடநெருக்கடி. காரணம் மாறுகிறதே தவிர, முதலில் நகரச் சொல்வது கல்லறையைத்தான்.

தரங்கம்பாடியில் ஒரு பாடம்

தேவாலயமும் கல்லறையும் எப்படிப் பிழைக்கின்றன என்று பார்க்க எங்களுக்குப் பக்கத்தில் உள்ள நல்ல உதாரணம் தரங்கம்பாடி. சிதம்பரம், சீர்காழி வழியாகப் போய் இறங்கினோம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனியர்கள் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1701இல் தங்களுக்காகச் சீயோன் தேவாலயம். 1706இல் சீகன்பால்கு வந்தார். தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, இங்கேயே அச்சடித்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் 1718இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 36 வயதில் இறந்துபோய், அதே தேவாலயத்துக்குள் அடக்கமானார். 1845இல் டேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

விற்றவர்கள் போய்விட்டார்கள். ஆனால் இரண்டு தேவாலயங்களும் நிற்கின்றன. எப்படி?

வெளிநாட்டுப் பணம் என்பது பாதி பதில். 2000களின் தொடக்கத்தில் டென்மார்க்கின் தரங்கம்பாடிச் சங்கம், தமிழ்நாடு தொல்லியல் துறை, உள்ளூர்த் தொழிலாளர்கள் எல்லோரும் சேர்ந்து கோட்டையைப் பழுதுபார்த்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இன்டாக் அமைப்பு பழைய வீடுகளை மீட்டது. சீகன்பால்கு வாழ்ந்த வீடு 2017இல் அருங்காட்சியகமானது.

மீதிப் பாதி பதிலை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் உள்ளே போய் உட்கார அந்தத் தேவாலயங்களில் இன்னும் ஆள் இருக்கிறது. உட்காருகிறவர் தலையில் தண்ணீர் சொட்டினால் அந்த வாரமே யாராவது கூரையைப் பார்ப்பார்கள். கல்லறையில் படுத்திருப்பவர் தலையில் சொட்டினால் யார் புகார் செய்வது?

கணக்குப்பதிவியல் வகுப்பில் சொன்னது

பிளஸ் ஒன்னில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? முதலினச் செலவு, வருவாயினச் செலவு. இயந்திரம் வாங்குவது முதலினம், அதற்கு எண்ணெய் போடுவது வருவாயினம். எண்ணெய் போடாவிட்டால் இயந்திரம் சீக்கிரம் போய்விடும்.

பழைய கட்டிடங்களிலும் அப்படித்தான். பெரிய தொகை கொடுத்துப் புதுப்பிக்க ஆள் கிடைக்கும். திறப்பு விழா நடக்கும், கல்வெட்டில் பெயர் வரும். அதுதான் முதலினச் செலவு. ஆனால் கட்டிடத்தைக் காப்பாற்றுவது மற்ற செலவு. காக்கை எச்சத்தில் விழுந்த அரச விதை சுவர் இடுக்கில் முளைக்கும்போது அதைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். பத்து வருடம் விட்டால் வேர் செங்கலுக்குள் போய், மரத்தை எடுத்தால் சுவரும் சேர்ந்து வரும். பிடுங்குகிறவருக்குக் கல்வெட்டு வைக்க மாட்டார்கள்.

இன்னொன்று சிமெண்ட். நம் பழைய சர்ச்சுகளும் கல்லறைகளும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டியவை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளாது, மெதுவாக வெளியே விட்டுவிடும். "நல்லா ஸ்டிராங்கா இருக்கட்டும்" என்று மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். கடற்கரை ஊரில் அந்த ஈரத்தோடு உப்பும் இருக்கிறது. உப்பு படிகமாகிச் செங்கல்லை உள்ளிருந்தே பொடியாக்கும். வெளியே பார்த்தால் பளபளப்பு, உள்ளே மாவு. நான் எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடிக்கப் போனது மாதிரியே, இதுவும் அன்போடு செய்யும் சேதம்.

வெளியூர் உதாரணங்கள்

பிரிட்டனில் 1976இல், தெற்காசியாவில் உள்ள கல்லறைத் தோட்டங்களுக்காகவே ஒரு சங்கம் தொடங்கினார்கள். உள்ளூர்க் குழுக்களுக்குச் சிறு சிறு தொகை கொடுக்கிறார்கள், கல்லறை எழுத்துகளைப் பதிவு செய்கிறார்கள். கொல்கத்தாவின் தெற்குப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டம் 1767இல் திறந்தது. வில்லியம் ஜோன்ஸ், கவிஞர் டெரோசியோ எல்லோரும் அங்கேதான். ஒரு காலத்தில் காடு மண்டிக் கிடந்த இடம். 1970களின் கடைசியிலிருந்து உள்ளூர் ஆர்வலர்கள் சேர்ந்து அதை மீட்டார்கள். இன்று கட்டணம் கொடுத்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள்.

நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு கேள்வி. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் பெரும்பாலும் தங்கள் ஆட்களின் பெயரைத் தேடித்தான் வரும். அதில் தப்பு இல்லை, நாமும் அப்படித்தான் செய்வோம். ஜே.ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து 1905இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். பெரிய உழைப்பு. பல கற்கள் போனாலும் எழுத்து அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் ஐரோப்பியர் பெயர்கள்.

நம் ஆட்கள்? 1733இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன், புராட்டஸ்டண்ட் சபையின் முதல் தமிழ்ப் போதகர். பிறந்தது நம் கடலூரில். சீகன்பால்குவின் பெயர் தெரிந்த எத்தனை பேருக்கு ஆரோனைத் தெரியும்? அவரையே தெரியாது என்றால் அந்தச் சபைகளில் இருந்த உபதேசியார், வாத்தியார், கொத்தனார், சமையல்காரர் பெயரையெல்லாம் யார் தேடுவார்கள்? அவர்கள் கல் போனால் புத்தகத்திலும் இல்லை. அதோடு முடிந்தது.

சாவா மூவாப் பேராடு

இதற்கு நம் முன்னோர்கள் வழி வைத்திருந்தார்கள். சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைப்பவர் எண்ணெயைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை, ஆடுகளைக் கொடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் கணக்குப்படி ஒரு விளக்குக்கு 96 ஆடு. மேய்ப்பவர் தினமும் நெய் அளக்க வேண்டும். கிழ ஆடு சாகும், குட்டி பிறக்கும், எண்ணிக்கை குறையக் கூடாது. சாவா மூவாப் பேராடு! அசலைத் தொடாமல் வட்டியில் விளக்கு எரிகிறது. இன்றைய மொழியில் அறக்கட்டளை நிதி.

ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் புல் வெட்ட, செடி பிடுங்க மாதம் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 60,000. 6 சதவீத வட்டி கிடைத்தால் 10 லட்சம் ரூபாய் வைப்பு போதும். (விலைவாசி ஏறும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வைக்க வேண்டும்.) ஒரு பெரிய புதுப்பிப்பு வேலைக்குத் திரட்டும்போதே அதில் ஒரு பங்கை இப்படி ஒதுக்கினால், அடுத்த புதுப்பிப்பு தேவைப்படும் நாள் தள்ளிப்போகும்.

பணமே இல்லாமலும் ஒரு வேலை செய்யலாம். எழுத்தை எடுத்து வைப்பது. ஒரு நோட்டு, ஒரு செல்போன், மெல்லிய பிரஷ், தண்ணீர் போதும். ஆசிட் வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டாம். பொறுப்பில் இருப்பவரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி மாதம் நானும் நண்பனும் அந்தச் சாய்ந்த கல்லுக்கே திரும்பப் போனோம். ஏதோ வெள்ளைக்காரர் கல் என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம். பாசியை நனைத்து மெதுவாகத் தேய்த்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்தோம். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, சாய்த்துப் பிடித்தால் குழியில் நிழல் விழும். முதலில் ஒரு கொம்பு, பிறகு ஒரு சுழி...

தமிழ் எழுத்துடா!

புள்ளி வைக்காத பழைய எழுத்து. பெயரின் முன்பாதி உடைந்து போயிருந்தது. "அம்மாள்" என்பது மட்டும் தெளிவாக இருந்தது. கீழே ஆண்டின் முதல் இரண்டு எண்கள், 18. படித்தவரை நோட்டில் எழுதிக்கொண்டோம், போட்டோ எடுத்தோம், பெரியவரிடம் ஒரு பிரதி கொடுத்தோம்.

யாருடைய ஆயாவோ தெரியாது. வரும் நவம்பர் 2க்கு அவருக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி வாங்குவதாக நண்பன் சொல்லியிருக்கிறான். சுண்ணாம்பு மட்டும் அடிக்கப் போவதில்லை :)

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கல் இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் டார்ச்சோடு போய்ப் பாருங்கள்.