பெயரில்லாத கொல்லன்

தகடூர் என்றதும் நம் நினைவில் எழுபவர்கள் அதியமானும் ஔவையும். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவை, அதியமானின் வேல்கள் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகக் கூறிய புறநானூற்றுப் பாடலை (95) இலக்கிய வாசகர்கள் நன்கறிவர். அந்தக் கொல்லன் யார்? பாடலில் அவனுக்குப் பெயரில்லை. வரலாறும் அவன் வழிவந்தோரை அவ்வாறே நடத்தியது.

தருமபுரி 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. சேலம் உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதிகளில் செய்யப்பட்ட உருக்கை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்றழைத்தனர். 1819இல் லண்டனில் அதனைப் பகுத்தாய்ந்த மைக்கேல் ஃபாரடே, அலுமினியக் கூறே அதன் சிறப்புக்குக் காரணம் என்று கருதினார். அக்கருத்து நிலைக்கவில்லை. இத்தனைக்கும் ஃபாரடே கொல்லர் ஒருவரின் மகன். கல்லூரிப் படிகளை மிதிக்காதவர்.

பரங்கிப்பேட்டையில் 1830இல் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத், நம் கொல்லர்களின் செய்முறையை 1839இல் விரிவாக எழுதினார். இரும்புத் துண்டுகளுடன் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சிகளை மண் மூசையில் இட்டு, எருக்கு போன்றவற்றின் பச்சிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை உலையில் அடுக்கித் துருத்தியால் ஊதினால், ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் உருக்கு தயார். இரும்பில் கரியேற்ற இங்கிலாந்தில் அப்போது பல நாட்கள் தேவைப்பட்டன.

ஹீத் வியந்தார். ஆயினும், நவீன வேதியியல் கொண்டே விளக்கக்கூடிய இம்முறையை இவர்கள் முறையான ஆய்வின் வழியே கண்டறிந்திருக்க இயலாது என்றும் எழுதினார். இங்குதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். எத்தனையோ மரங்களிருக்க ஆவாரையைத் தேர்ந்ததும், காற்றுப் புகாமல் மூசையை அடைத்ததும் தற்செயலா? செய்து பார்த்து, தவறியதை விலக்கி, தேறியதை மகனுக்குக் கற்பித்த தலைமுறைகளின் உழைப்புக்கு ஆய்வு என்பதன்றி வேறென்ன பெயர்? அதற்கு ஏடில்லை என்பதே குறை, அறிவில்லை என்பதன்று.

ஏடில்லாமை பெருங்குறைதான். மலிவான இறக்குமதி இரும்பு வந்தபோது, கரிக்கு வேண்டிய காடும் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, உலைகள் அணைந்தன. கையில் மட்டுமே இருந்த அறிவு கையோடு போயிற்று.

அதனை மீட்க, அமெரிக்காவில் ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியல் பேராசிரியரும் ஆல்ஃபிரட் பெண்ட்ரே என்ற கொல்லரும் கூட்டாக முயன்றனர். அவ்வாள்களில் தோன்றும் அலைவரிகளுக்கு வனேடியம் போன்ற தனிமங்களின் நுண்ணளவே காரணம் என்று 1998இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், பேராசிரியரின் பெயரோடு கொல்லரின் பெயரும் அச்சேறியது.

தகடூர்க் கொல்லனுக்குக் கிட்டாதது அந்த ஒரு வரிதான். ஏட்டறிவு பெரிதா, பட்டறிவு பெரிதா என்று பட்டிமன்றம் நடத்துவதைவிட, நம் ஊரில் இன்னும் அணையாதிருக்கும் பட்டறைகளுக்கு ஒரு குறிப்பேட்டுடன் செல்வது படித்தவர்களுக்கு அழகு. எழுதும்போது, சொன்னவரின் பெயரையும் எழுத வேண்டும்.