குதிர் காலியான கதை

"எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்கிற பழமொழி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கடன்காரன் வாசல்ல வந்து நின்னு "உங்கப்பன் எங்கேடா" என்று கேட்க, பிள்ளை உளறிக்கொட்டிய கதை. நகரத்துல இருக்கிற நீங்க இதை அசட்டுத்தனத்துக்கு உதாரணமா சொல்லிட்டுப் போயிடுவீங்க. விவசாயி கண்ணுக்கு அதுல வேற ரெண்டு விஷயம் படும். ஒரு ஆள் உள்ளே இறங்கி உட்கார்ற அளவுக்குக் குதிர் பெரிசு. அப்புறம், ஆள் உட்கார இடம் இருக்குன்னா உள்ளே நெல் இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிச்சதும் சென்னையில இருக்கிற சொந்தக்காரங்க, நண்பர்கள் எல்லாம் போன்ல கேட்டது ஒரே கேள்வி: "உங்களுக்கென்னப்பா, வருஷத்துக்கும் நெல் இருக்கும்ல?" கூடவே வாட்ஸ்அப்புல ஒரு செய்தியும் சுத்திக்கிட்டு இருந்தது. நம்ம முன்னோர் எல்லாரும் மூணு வருஷத்துக்குத் தானியம் சேர்த்து வெச்சிருந்தாங்களாம், நாமதான் சோம்பேறியாகி சூப்பர் மார்க்கெட்டை நம்பிட்டோமாம். பாதி உண்மை, பாதி கற்பனை. எந்தப் பாதி எதுன்னு பிரிச்சுப் பார்க்கலாம்னுதான் இந்தப் பதிவு.

முதல்ல உண்மையான பாதி. சேமிக்கிற கலை நம்மகிட்ட இருந்தது, அதுல சந்தேகமே வேண்டாம். மண்ணையும் வைக்கோலையும் குழைச்சு உறை உறையா செஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிப் பூசினா அது குதிர். தெற்கே கரிசல் காட்டுல அதையே குலுக்கைன்னு சொல்வாங்க. எங்க டெல்டாவுல வசதியான வீட்டுல மரப்பத்தாயம் இருக்கும். எலி ஏறாம இருக்கக் கால் வெச்சுத் தூக்கிச் செஞ்சிருப்பாங்க. விதைக்குத் தனியா வைக்கோல் பிரி சுத்திக் கோட்டை கட்டுவாங்க. அறுப்பு ரொம்ப நல்லா இருந்த வருஷத்துல களத்து ஓரமாவே வைக்கோல் பிரியில சேர் கட்டி, மேல மண் பூசி விட்டுடுவாங்க.

குதிர்ல எனக்குப் பிடிச்ச விஷயம் அதோட வாய். நெல்லை மேலே கொட்டணும், அடியில ஒரு சின்ன ஓட்டை வழியா எடுக்கணும். துணியையோ தேங்காய் மட்டையையோ அடைச்சிருப்பாங்க. அதை உருவினா வேணுங்கிற அளவு கொட்டும். அதாவது பழைய நெல் முதல்ல வெளியே வரும், புதுசு மேலேயே காத்திருக்கும். நம்ம சமையலறை டப்பாவுல நடக்கிறது நேர் எதிர். புதுப் பருப்பை மேல கொட்டி, மேல இருந்தே எடுப்போம். அடியில கிடக்கிறது வண்டுக்கு.

இன்னொண்ணு, அவங்க சேர்த்து வெச்சது அரிசி இல்லை, நெல். உமிதான் இயற்கை கொடுத்த மூடி. உமி நீங்கின அரிசியில தவிட்டெண்ணெய் காத்துப் பட்டுச் சிக்கு வாடை அடிக்க ஆரம்பிச்சிடும். நல்லா தீட்டின வெள்ளை அரிசிக்கு அந்தப் பிரச்சினை குறைவு, ஆனா அதுல வண்டு வரும். நெல்லுக்கும் அந்துப்பூச்சி எதிரிதான். அதனாலதான் பல்லுல வெச்சுக் கடிச்சா 'டக்'குன்னு ஒடியிற பதத்துக்குக் காயவெச்சு, நொச்சி இலையும் வேப்பிலையும் நடுவுல போட்டு, குதிர் வாயைச் சாணியும் மண்ணும் போட்டுப் பூசி மூடினாங்க. துவரைக்குச் செம்மண் கட்டினாங்க. உளுந்து, பயறுக்குச் சாம்பல். புளியைக் கொட்டை எடுத்து உப்புப் போட்டு மண்பானையில அடைச்சாங்க.

சேலம், தருமபுரி, மைசூர் பக்கத்து மேட்டுக்காட்டுல இன்னும் ஒரு படி மேலே போனாங்க. குழி வெட்டி, சுத்தி வைக்கோல் கொடுத்து, கேழ்வரகைக் கொட்டி மூடிடுவாங்க. தானியமும் மூச்சு விடும் பாருங்க, உள்ளே இருக்கிற பிராணவாயுவை அதுவே தீர்த்துடும். பூச்சி செத்துப்போகும். குழியைத் திறந்தவுடனே ஆள் இறங்கக் கூடாது, காத்து மாறணும். விளக்கை இறக்கி அணையுதா எரியுதான்னு பார்த்துட்டு இறங்குவாங்க. நெல்லை விடக் கேழ்வரகு பல மடங்கு தாங்கும். பஞ்சத்துக்கான தானியம்னா அதுதான்.

இது போக மழைக்கால ஏற்பாடு தனி. எங்க பக்கம் ஐப்பசி, கார்த்திகையில புயலும் வெள்ளமும் வழக்கம். புரட்டாசிக்குள்ள வறட்டியும் விறகும் அடுக்கி முடிச்சிடணும். உப்பு வாங்கி வெச்சிடணும், ஏன்னா மழை விழுந்தா வேதாரண்யம் உப்பளத்துல வேலை நின்னுடும். வத்தலும் வடகமும் ருசிக்குப் போட்டது மட்டும் இல்லை. காய்கறி வராத ரெண்டு மாசத்துக்கான ஏற்பாடு அது.

இப்ப அடுத்த பாதிக்கு வர்றேன். இதெல்லாம் யார் வீட்டுல இருந்தது?

நிலம் இருந்தவங்க வீட்டுல. டெல்டாவுல வயல்ல இறங்கி வேலை செஞ்சவங்கள்ல பெரும்பகுதி நிலமில்லாத பண்ணையாட்கள். கூலி நெல்லாத்தான் அளந்தாங்க. அன்னன்னிக்கு வந்ததை அன்னன்னிக்கே குத்திக் கஞ்சி வெக்கிற வீட்டுல குதிருக்கு என்ன வேலை? ஒரு பானை இருக்கும், அதுவும் பாதி நாள் கவிழ்ந்து கிடக்கும். நடவு முடிஞ்சு அறுப்பு வர்றதுக்கு இடையில வேலை இல்லாத மாசங்கள்ல நண்டும் நத்தையும்தான் சாப்பாடு. அறுப்பு முடிஞ்ச வயல்ல எலி வளையைத் தோண்டி, எலி சேர்த்து வெச்சிருந்த கதிரை எடுத்துக் கசக்கி அரிசியாக்கினவங்க உண்டு. எலிக்கு ஒரு களஞ்சியம் இருந்தது, அதைத் தோண்டினவங்களுக்கு இல்லை. 'நம்ம முன்னோர்' என்று வாட்ஸ்அப்புல எழுதுறவங்க இவங்களைக் கணக்குல சேர்க்கிறது கிடையாது.

கோயில் இருந்ததேன்னு கேட்பீங்க. இருந்தது. பாபநாசம் பக்கத்துல திருப்பாலைத்துறை கோயிலுக்குப் போனா நாயக்கர் காலத்து நெற்களஞ்சியத்தைப் பார்க்கலாம். வட்டமா, மேலே கூம்பா, செங்கல்லும் சுண்ணாம்பும் வெச்சுக் கட்டினது. 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம், 3000 கலம் கொள்ளும் என்பாங்க. கலம் ஊருக்கு ஊர் மாறும். எங்க பக்கத்து இன்றைய வழக்கப்படி ரெண்டு கலம் ஒரு 60 கிலோ மூட்டைன்னு வெச்சா 1500 மூட்டை, அதாவது 90 டன் நெல். குத்தினா சுமார் 60 டன் அரிசி. ஆளுக்கு நாளைக்கு அரைக்கிலோன்னா 500 பேர் இருக்கிற ஊர் எட்டு மாசம் சாப்பிடலாம். திருவரங்கத்துலயும் இதே மாதிரி பெரிய களஞ்சியங்கள் நிக்குது.

ஆனா அந்த நெல் ஊர் பொதுச் சொத்தா? ரெண்டு கல்வெட்டு இருக்கு. ஆலங்குடியில 1054-ஆம் ஆண்டுக் கல்வெட்டு: பஞ்சத்துல ஊர்ச்சபை கையில பணமில்லாமக் கோயில் பண்டாரத்துல இருந்து பொன்னும் வெள்ளியும் கடனா வாங்கியிருக்கு. கோயில் கைகொடுத்த கதை. இன்னொண்ணு திருப்பாம்புரம், 1201, மூன்றாம் குலோத்துங்கன் காலம். நெல் விலை ஏறி, காசுக்கு மூணு நாழிதான் கிடைச்ச பஞ்சத்துல ஒரு வேளாளர் தன்னையும் தன் ரெண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கே அடிமையா எழுதிக் கொடுத்திருக்கார். ரெண்டுமே எங்க டெல்டா, ரெண்டுமே கோயில். களஞ்சியம் இருக்கிறது வேற, அதோட சாவி யார் கையில இருக்குங்கிறது வேற. கோபுரக் கலசத்துல தானியம் போடுறது ஊரைக் காப்பாத்துற விதை வங்கின்னு ஒரு செய்தி சுத்துமே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும். ஒரு ஊருக்கு எத்தனை ஏக்கர், ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை வேணும்னு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க.

சரி, குதிர் இருந்தவங்க வீட்டுல அது எப்படிக் காலியாச்சு?

பழமொழியில வாசல்ல நின்ன கடன்காரனை மறந்துடாதீங்க. வெள்ளைக்காரன் ஆட்சியில அவன் பக்கத்துல இன்னொருத்தரும் வந்து நின்னார், கிஸ்தி வசூலிக்கிறவர். தாமஸ் மன்றோ 1820-ல் ஆளுநரா வந்த பிறகு சென்னை மாகாணத்துல ரயத்துவாரி நிலைபெற்றது. வரியைப் பணமா, தவணை தவறாமக் கட்டணும். விளைச்சல்ல பங்காக் கொடுத்த காலத்துல மழை பொய்ச்சா பங்கும் குறைஞ்சது. கிஸ்திக்கு அந்த இரக்கம் அவ்வளவு கிடையாது. அறுத்த கையோட, விலை தரையில கிடக்கும்போதே வித்தாகணும். எடுத்து வெச்சு ஆறு மாசம் கழிச்சு விக்கிற சாமர்த்தியம் வியாபாரிக்குப் போச்சு, குதிரும் கூடவே அவன் கிடங்குக்குக் குடிபோச்சு.

அதோட விளைவுதான் 1876-ல் தொடங்கின தாது வருஷப் பஞ்சம். மழை பொய்ச்சது உண்மை. ஆனா சேலம், கோயம்புத்தூர் வழியா அப்பவே ரயில் ஓடிக்கிட்டு இருந்தது. ரயில் தானியத்தைக் கொண்டு வரும்னு நம்பினாங்க. அது விலை எங்கே அதிகமோ அங்கே கொண்டும் போகும். உள்ளூர்ல மிச்சமிருந்ததும் வண்டி ஏறுச்சு. தானிய வியாபாரத்துல அரசு தலையிடக் கூடாதுங்கிறது வைசிராய் லிட்டனோட கொள்கை. அவர் அனுப்பின ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஆளுக்கு நாள் கூலியா ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் போதும்னு வெட்டினார். ஒரு பவுண்டுன்னா 450 கிராம், அதுவும் நாள் முழுக்க மண்ணு வெட்டுற ஆளுக்கு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் ஒன்றரைப் பவுண்டாவது வேணும்னு எழுதி எழுதிச் சண்டை போட்டார். பக்கிங்ஹாம் கால்வாயில ஒரு பகுதி அப்ப நிவாரண வேலையா வெட்டினதுதான். தென்னிந்தியாவுல செத்தவங்க குறைஞ்ச கணக்குலயே 50 லட்சத்துக்கு மேல. தஞ்சாவூர்ச் சீமை காவிரியால ஓரளவு தப்பிச்சது. சேலம் மாதிரி மேட்டு மாவட்டங்கள்தான் பெரிய அளவுல மாண்டுச்சு. கேழ்வரகுக் குழி வெட்டத் தெரிஞ்ச அதே பூமி. கலை தெரியாமச் சாகலை, குழியில போட எதுவும் மிஞ்சாமச் செத்தாங்க.

அடுத்த அடி இரண்டாம் உலகப் போர்ல. சென்னை மாகாணம் பர்மா அரிசியை நம்பி இருந்தது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடிச்சதும் கப்பல் நின்னுச்சு, ரேஷன் வந்தது. கூடவே நெல் கொள்முதலும் வந்தது. இங்கேதான் ஒரு வார்த்தை மாறுச்சு. அதுவரைக்கும் வீட்டுல நெல் வெச்சிருந்தா சேமிப்பு, அதுக்கப்புறம் பதுக்கல். 1952-ல் ராஜாஜி கட்டுப்பாட்டை எடுத்தார். 1955-ல் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் வந்தது. 60-களின் பற்றாக்குறையில லெவி, சோதனைச்சாவடி எல்லாம் திரும்பி வந்துச்சு. எங்க ஊர்ப் பெரியவங்க பக்கத்து மாவட்டத்துச் சொந்தக்காரங்களுக்கு ரெண்டு மரக்கால் அரிசியை ராத்திரியில கொண்டு போன கதையை இன்னிக்கும் சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. அப்ப அதுல சிரிப்பு இருந்திருக்காது.

அரசாங்கத்தைத் திட்டுறேன்னு நினைக்காதீங்க. 1965 ஜனவரி 14-ஆம் தேதி இந்திய உணவுக் கழகம் தொடங்கினப்ப அதோட முதல் மாவட்ட அலுவலகம் எங்க தஞ்சாவூர்லதான். அதே வருஷம் பிரதமர் சாஸ்திரி திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடச் சொன்னார், நாட்டு நிலைமை அப்படி. அதுக்கப்புறம் வந்த கிடங்கும் ரேஷன் கடையும் செஞ்சதைக் குதிர் எந்தக் காலத்துலயும் செஞ்சதில்லை. பானை கவிழ்ந்து கிடந்த வீட்டுக்கும் மாசா மாசம் அரிசி போச்சு. 2020 ஊரடங்குல ஊர் தாங்கினதுக்கு என் வீட்டு நெல் காரணம் இல்லை, தெருமுனையில இருந்த ரேஷன் கடைதான் காரணம்.

ஆனா கொடுக்கல் வாங்கல்ல குதிர் போயிடுச்சு. இப்ப அறுவடை மிஷின்ல இருந்து நெல் நேரா டிராக்டர்ல ஏறி, நேரா கொள்முதல் நிலையத்துக்குப் போகுது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கான்னு கருவி வெச்சுப் பார்க்கிறாங்க. பல்லுல கடிச்சுப் பார்க்க ஆள் தேவைப்படலை. பத்தாயங்களைப் பழைய மரச்சாமான் வாங்குறவங்க வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. அதுல சிலது உங்க ஊர் ஓட்டல் வரவேற்பறையில பூச்சாடி தாங்கிக்கிட்டு நிக்கும், பார்த்திருப்பீங்க.

எங்க வீட்டுல இப்பவும் அஞ்சாறு மூட்டை நெல் எடுத்து வெக்கிறோம், சிமெண்ட் தொட்டியில. நொச்சி இலை வேலியிலயே இருக்கு. கஷ்டம் வேற இடத்துல. ரெண்டு மூட்டை நெல்லைக் கொண்டு போனா அரைச்சுக் கொடுக்கச் சின்ன மில் இல்லை. ஊர்ல இருந்தது மூடி வருஷமாச்சு, பெரிய மில்லுக்கு லோடு வேணும். மிச்சமிருக்கிற ஒரு சின்ன மில்லுக்கு வண்டி வாடகை கொடுத்துப் போய், நம்ம நெல்லோடு அடுத்தவர் நெல் கலக்காம நின்னு பார்த்து அரைச்சுட்டு வரணும். போன தடவை அங்கே வரிசையில எனக்கு முன்னாடி மூணே பேர். மூணு பேருக்கும் அறுபதுக்கு மேல.