நீருக்கு மேலே ஒரு பங்கு: பனித் தடிப்பும் கல்முனைக் கரையும்

2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின் ஜேசன்-1 செய்மதி 1,336 கிலோமீற்றர் உயரத்தில் இந்து சமுத்திரத்தைக் கடந்தது. அதன் ராடார் உயரமானி, ஆழ்கடலில் ஓடிக்கொண்டிருந்த சுனாமியைச் சுமார் 60 சென்ரிமீற்றர் மேடாகப் பதிந்தது. அதே காலையில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவுக் கரைகளில் கடல் பல மீற்றர் எழுந்து ஊருக்குள் புகுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இத்தனை பேரை இழக்கவில்லை.

செய்மதித் தரவு கணிக்கப்பட மணிக்கணக்கானதால்தான் அது பயன்படவில்லை என்பார்கள். அது பாதி உண்மை. அந்த 60 சென்ரிமீற்றர் அக்கணமே கல்முனையில் ஒருவர் கையில் கிடைத்திருந்தாலும், தன் தெருவுக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று அவரால் சொல்லியிருக்க முடியாது. ஏன் என்பதை விளக்க, இதே வகைக் கருவி வடதுருவத்தில் செய்யும் வேலையைப் பார்ப்பது உதவும்.

கடற்பனியின் தடிப்பை ராடார் அளக்கிறது என்று எழுதுகிறோம். உண்மையில் அது அளப்பது நேரத்தை மட்டுமே. துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தில் 0.07 நனோசெக்கன் பிசகினால் உயரத்தில் ஒரு சென்ரிமீற்றர் பிசகும். பனிப்பரப்பின் உயரத்திலிருந்து, பனிப்பாளங்களின் இடைவெளியில் தெரியும் நீரின் உயரத்தைக் கழித்தால் நீருக்கு மேலே நிற்கும் பங்கு கிடைக்கும். மிச்சம் ஆர்க்கிமிடீசின் கணக்கு. கன மீற்றருக்குக் கடல்நீர் 1,024 கிலோகிராம், ஓராண்டுப் பனி 917 என்று கொண்டால், நீர்மேல் உயரத்தைச் சுமார் 9.6 ஆல் பெருக்க வேண்டும். மூன்று சென்ரிமீற்றர் வழு, தடிப்பில் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றராகப் பெருகிவிடும். பல ஆண்டு கண்ட பனியில் உப்புநீர் வடிந்து காற்றுக் குமிழிகள் நிறைந்திருக்கும். அடர்த்தி 882 அளவில் நிற்கும். அப்போது பெருக்கும் எண் 7.2 தான். ஆக, பனியின் வயது தெரியாமல் தடிப்பைச் சொல்ல இயலாது.

இன்னொரு சிக்கல் பனிக்கட்டியின் மேல் படியும் வெண்பனி. அது தன் பாரத்தால் பாளத்தைக் கீழே அழுத்துகிறது. 13.6 கிகாஹேர்ட்ஸ் அளவான மீடிறனுள்ள ராடார் அலை உலர்ந்த வெண்பனியை ஊடுருவிப் பனிக்கட்டியைத் தொடும் என்பது எடுகோள். ஈரமோ உப்போ சேர்ந்தால் அது பொய்த்துவிடும். 2010இல் ஏவப்பட்ட கிரையோசாற்-2 செய்மதியின் தரவிலிருந்து வரைந்த தடிப்புப் படங்களுக்கு வெண்பனியின் ஆழம் எங்கிருந்து வந்தது? 1954 முதல் 1991 வரை சோவியத் மிதவை நிலையங்களில் ஆட்கள் கோலை ஊன்றி அளந்த எண்களிலிருந்து. பழைய பனி அருகியபின், ஓராண்டுப் பனியின் மேல் அதில் பாதி என்று கொண்டார்கள். வங்கக் கடலோரத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013இல் சென்ற இந்திய-பிரெஞ்சுச் செய்மதி சரல், 35.75 கிகாஹேர்ட்ஸில் வெண்பனியின் மேற்பரப்பை ஒட்டியே எதிரொலி பெறுகிறது. இரண்டு செய்மதிகளின் உயரங்களையும் கழித்து வெண்பனி ஆழத்தை மதிப்பிடும் வழி அதனால் திறந்தது. அந்த மதிப்பீட்டைச் சரிபார்க்கவும் பனியில் நின்று அளந்த எண் வேண்டும்.

கல்முனையிலும் கணக்கு இப்படித்தான். ஆழம் குறையக் குறைய அலை உயரும். பெருகும் அளவு ஆழ விகிதத்தின் நான்காம் மூலம். 4,000 மீற்றர் ஆழத்தில் 60 சென்ரிமீற்றராக இருந்த அலை, 4 மீற்றர் ஆழத்தில் 5.6 மடங்காகி 3.4 மீற்றரைத் தொடும். ஆனால் இது மெல்லச் சரியும் கற்பனைக் கடற்படுக்கைக்குரிய விடை. மணற்திட்டும், சாய்ந்தமருதுத் தோணா போன்ற நீர்வழிகளும் அலையைக் குவிக்கவோ சிதறடிக்கவோ செய்யும். பனிக்கு வெண்பனி எப்படியோ, அலைக்குக் கரையோர ஆழம் அப்படி: விடையைத் தீர்மானிக்கும், ஆனால் இந்த ராடாருக்கு எட்டாது. உப்புநீருக்குள் இந்த நுண்ணலை ஒரு விரற்கடைகூட இறங்காது. கரைக்குப் பத்துக் கிலோமீற்றருக்குள் நிலத்தின் எதிரொலி வேறு கலந்து கடலின் குரலைக் கெடுக்கும். சரலின் குறுகிய கற்றை கரைக்கு இன்னும் நெருங்கும்தான். ஆனால் அதன் அலை கனமழையில் மங்கும். நமக்கோ மழை கொட்டுவது வாடைக் காலத்தில்.

2007 முதல் ஐதராபாத்தில் இயங்கும் எச்சரிக்கை நிலையம், கடலடி அமுக்கமானிகளையும் முன்கூட்டியே கணித்துவைத்த மாதிரிகளையும் நம்புகிறது. அந்த மாதிரிகளும் கடலாழ எண்களையே தின்று வளர்பவை. செய்மதி பெருகப் பெருகத் தரை அளவீடு தேவையற்றுப்போகும் என்ற எண்ணத்தை ஏற்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

நம் கரைவலைக்காரர் எந்த இடத்தில் எத்தனை பாகம் என்பதைக் கைப்பழக்கத்தில் வைத்திருப்பவர்கள். ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் அவர்களோடு தோணியில் ஏறி, ஈயக்குண்டு கட்டிய கயிறும் இடங்காட்டியுமாக, மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை ஆழத்தைக் குறிக்கத் தொடங்கலாம். மணல் இடம் மாறுவதால், வாடைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அளக்க வேண்டும்.