முகிலை மேலிருந்து கண்ட கதை

கரையில் நிற்பவனுக்கு நடுக்கடலில் எழும் புயல் தெரிவதில்லை. அது தெரியும் வேளையில் தப்பிச் செல்ல அவனுக்கு நேரம் இருப்பதில்லை. கடலோர மக்களை நூற்றாண்டுகளாக வருத்திவந்த இடர் இதுவேயாகும். நிலத்தில் ஊருக்கு ஊர் அவதான நிலையம் அமைத்துக் காற்றையும் அமுக்கத்தையும் அளக்கலாம். கடலில் அளப்பவர் யார்? தற்செயலாக அவ்வழியே செல்லும் கப்பல் ஒன்றே அங்குள்ள சாட்சி. கம்பியில்லாத் தந்தி வந்த பின்னர்க் கப்பல்கள் தாம் கண்டதை உடனுக்குடன் கரைக்கு அறிவித்தன. ஆனால் அதே தந்தி வழியாக எச்சரிக்கை பெற்ற கப்பல்கள் புயலை விட்டு விலகி ஓடவும் செய்தன. விலகி ஓடிய கப்பல் புயலைப் பற்றி என்ன சொல்லும்? எச்சரிக்கை திருந்தத் திருந்தச் செய்தி குறைந்தது என்பது வானிலையியலின் வரலாற்றில் ஒரு வேடிக்கை.

வேடிக்கையல்லாத ஒன்றும் அவ்வரலாற்றில் உண்டு. 1900ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் கியூபாவைக் கடந்த புயல் எத்திசை செல்லும் என்பதில் இரு கருத்துக்கள் நிலவின. அது மேற்கே மெக்சிக்கோ வளைகுடாவுக்குள் செல்லும் என்பது ஹவானா நகரத்து அவதானிகளின் கணிப்பு. வடக்கே திரும்பி அமெரிக்காவின் கீழைக் கரையோரமாகப் போய்விடும் என்று வாஷிங்டன் வானிலைப் பணியகம் கருதிற்று. கியூபர்களின் சொல்லை அது பொருட்படுத்தவில்லை. செப்டெம்பர் 8ஆம் திகதி புயல் டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் நகரின்மேல் ஏறிற்று. ஆறாயிரம் பேருக்குக் குறையாமல் அன்று மாண்டனர். புயல் எங்கே நிற்கிறது என்பதை ஒரே ஒரு முறை மேலிருந்து பார்த்திருப்பின் அந்த வழக்கு நொடியில் தீர்ந்திருக்கும்.

மேலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை ஹரி வெக்சிலர் என்ற அமெரிக்க வானிலை அறிஞரிடம் வலுப்பெற்றது. 1944ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஆராய்ச்சிக்கென்றே ஆகாய விமானத்தில் ஏறிச் சூறாவளியின் நடுவே புகுந்து மீண்டவர் அவர். பின்னாளில் இலங்கையைத் தம் வாழிடமாகக் கொண்ட எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், வானிலையை நோக்கச் செய்மதி பயன்படக்கூடும் என்பதை 1954ஆம் ஆண்டளவில் அவரிடம் எடுத்துரைத்தார். அவ்வாண்டு மே மாதம் நியூயோர்க் நகரில் நிகழ்ந்த விண்வெளிப் பயணக் கருத்தரங்கில், செய்மதியிலிருந்து நோக்கினால் வட அமெரிக்காவின் முகிற்கூட்டம் எவ்வாறு தோன்றும் என்பதை ஓவியமாக வரைவித்து வெக்சிலர் விளக்கினார். அன்று மனிதன் படைத்த செய்மதி ஒன்றேனும் வானில் இல்லை.

ஓவியத்துக்குச் சான்று அவ்வாண்டு ஒக்டோபர் 5ஆம் திகதியே கிடைத்தது. நியூ மெக்சிக்கோப் பாலைவனத்திலிருந்து கமராவுடன் எய்யப்பட்ட றொக்கற்று ஒன்று மேலே சென்று விழுந்தது. அதன் படச்சுருளைக் கழுவித் துண்டு துண்டாக ஒட்டிப் பார்த்தபோது, டெக்சாஸ் எல்லையருகே சுருண்டு கிடந்த புயலொன்று அதில் இருந்தது. வழக்கமான வானிலைப் படங்களில் அதனை எவரும் கண்டிலர். அவதான நிலையங்கள் நிறைந்த நாட்டின் நிலப்பரப்பிலேயே ஒரு புயல் இவ்வாறு ஒளிந்து நிற்குமாயின் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

1960ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாம் திகதி காலையில் தைரோஸ் என்னும் செய்மதி புளோரிடாவிலிருந்து ஏவப்பட்டது. 270 இறாத்தல் நிறை; 42 அங்குல விட்டம்; முரசைக் கவிழ்த்தாற் போன்ற உருவம். பக்கமெல்லாம் சூரிய ஒளியை மின்னாக்கும் சிறு கலங்கள். அடியிலே இரு தொலைக்காட்சிக் கமராக்கள். ஏறத்தாழ 450 மைல் உயரத்தில் அது பூமியை நூறு நிமிடத்துக்கு ஒரு முறை வலம்வந்தது. நியூ ஜேர்சியிலும் ஹவாய்த் தீவிலும் இருந்த நிலையங்கள் படங்களை வாங்கின. செய்மதி அவற்றின் எல்லைக்கு அப்பால் நிற்கும்போது எடுத்த படங்களைக் காந்த நாடாவில் பதித்து வைத்துப் பின்னர் ஒப்புவித்தது. முதற் படங்கள் அன்றைக்கே வாஷிங்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சனாதிபதி ஐசன்ஹோவரிடம் காட்டப்பட்டன. மங்கலான படங்கள்தாம். ஆயினும் வெண்முகில் எது, கரை எது, கடல் எது என்று பிரித்தறியக்கூடியதாக இருந்தது.

பத்தாம் நாளில் அதன் பயன் வெளிப்பட்டது. அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 மைலில், கப்பல் செல்லாக் கடலில், ஒரு சூறாவளி சுழன்றுகொண்டிருந்ததை ஏப்பிரில் 10ஆம் திகதிப் படம் காட்டிற்று. எழுபத்தெட்டு நாள்கள் உழைத்து 22,952 படங்களை அளித்த பின்னர் அச்செய்மதியின் கமராக்கள் ஓய்ந்தன.

படம் கிடைத்தவுடனே எல்லாம் விளங்கிவிட்டதாக எண்ணலாகாது. தைரோஸ் தன்னைத்தானே சுற்றும் பம்பரம். அதன் கமராக்கள் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நேரமே பூமியை நோக்கின; மிகுதி நேரம் வெற்று வானத்தையே நோக்கின. அதன் அச்சு வானில் ஒரே திசையில் அசையாது நிற்கும் என்று பொறியியலாளர் கணக்கிட்டிருந்தனர். பூமியின் காந்தப்புலமோ அதனை மெல்லத் திருப்பிவிட்டது. ஆகவே ஒரு படத்தில் கரை எதுவும் தெரியாது முகில் மட்டுமே தெரிந்தால், அம்முகில் எந்தக் கடலின் மேலது என்று கண்டுபிடிப்பதே பெருவேலையாயிற்று. மேசையைச் சுற்றி இருந்து அகலக்கோடும் நெடுங்கோடும் கையால் வரைந்து, படத்தை அதன்மேற் பொருத்தி, முகிற் கூட்டங்களைக் குறியீடுகளாக மாற்றித் தந்தி வழியே வானிலை நிலையங்களுக்கு அனுப்பிய அறிஞர்களின் பொறுமையைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. செய்மதியை ஏவியவர்களுக்குக் கிடைத்த புகழில் அவர்களுக்கும் பங்குண்டு.

அவர்களது மேசையில் ஆராய்ச்சியும் வளர்ந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் நோர்வே நாட்டுப் பேர்கன் நகரில் பியேர்க்னெசும் அவர்தம் மாணாக்கரும் நிலத்திலெடுத்த அளவைகளை மட்டும் கொண்டு, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் முட்டி மோதும் எல்லைகளையும் அவற்றைச் சுற்றிச் சுருளும் தாழமுக்கங்களையும் அறிவினால் ஊகித்து வரைந்திருந்தனர். நாற்பது ஆண்டுகளின் பின் வந்த படங்களில் அச்சுருள்கள் அப்படியே முகிலால் எழுதப்பட்டிருந்தன. ஆயிரம் மைல் அகலத்துக்கு ஒரே ஒழுங்கில் முகில்கள் அணிவகுத்து நிற்கும் என்பதைத் தரையில் நின்று எவரும் கண்டிருக்க முடியாது.

1961ஆம் ஆண்டு செப்டெம்பரில் எஸ்தர் என்னும் அத்திலாந்திக்குச் சூறாவளியை முதலிற் கண்டறிந்தது மூன்றாவது தைரோஸ். அதே மாதத்தில் கார்லா என்னும் பெரும் புயல் டெக்சாஸ் கரையை நெருங்கியபோது செய்மதிப் படமும் ரேடாரும் விமானமும் ஒன்றையொன்று உறுதி செய்தன. மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் கரையை விட்டு அகன்றனர். மாண்டவர் தொகை ஐம்பதைத் தொடவில்லை. கால்வெஸ்டன் இருந்த அதே கரைதான் அது. 1963 திசெம்பரில் ஏவப்பட்ட எட்டாவது தைரோஸ் இன்னொரு வசதியைச் செய்தது: தலைக்கு மேலே செல்லும்போது எடுத்த படத்தை அங்கேயே கீழுள்ள எவரும், எந்த நாட்டவரும், பெருஞ்செலவில்லாத கருவியொன்றால் வாங்கிக்கொள்ளும்படி அது ஒலிபரப்பிற்று.

இவ்வளவும் இருந்தும் வங்காள விரிகுடாவில் 1970ஆம் ஆண்டு நிகழ்ந்ததை வரலாறு மறக்க இயலாது. அவ்வாண்டு நவம்பர் 8ஆம் திகதியளவில் விரிகுடாவின் நடுவே உருவான சூறாவளி வடக்கே நகர்ந்தது. 11ஆம் திகதி ஐட்டோஸ் என்னும் அமெரிக்கச் செய்மதி அதனைப் படம் பிடித்தது. அப்படம் இன்றும் உண்டு. வட்டமாகச் சுருண்ட வெண்முகில் அதிற் பிழையறத் தெரிகின்றது. கால்வெஸ்டன் மக்களுக்குக் கிடையாதது இங்கே கிடைத்திருந்தது. மறுநாள் இரவு, கடற்பெருக்கு உச்சத்தில் நின்ற வேளையில், அது அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கழிமுகத் தீவுகளில் ஏறிற்று. இருபது அடிக்கும் மேலாக எழுந்த கடல் போலாத் தீவையும் அயலையும் வாரிச் சென்றது. தஜுமுதீன் என்ற ஒரு வட்டாரத்தில் வாழ்ந்த 1,67,000 பேரில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேருக்கு மேல் மாண்டனர். மொத்தத்தில் இறந்தோர் மூன்று இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரை எனக் கணக்கிடுகின்றனர்.

மக்கள் அறியாதிருந்தனர் என்று சொல்லிவிட முடியாது. அழிவின் பின் நடத்திய ஆய்வொன்றின்படி, புயல் வருகிறது என்பது நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தெரிந்திருந்தது. உறுதியான கட்டடத்தில் அடைக்கலம் புகுந்தவரோ நூற்றுக்கு ஒருவரே. வானொலி சொன்னது, ஆனால் எவ்வளவு பெரிய கடல் வரும், எத்தனை மணிக்கு வரும், எங்கே ஏறி நிற்பது என்பதைச் சொல்ல ஒருவருமில்லை. ஏறி நிற்க ஓர் இடமும் அத்தீவுகளில் இருக்கவில்லை. மண்சுவரும் ஓலைக்கூரையும் தவிர வேறு என்ன இருந்தது?

படத்திலும் ஒரு குறை இருந்தது. துருவங்களைச் சுற்றும் செய்மதி ஓரிடத்தின் மேல் நாளுக்கு ஓரிரு முறையே வரும். இடையில் நடப்பதை அது அறியாது. இக்குறை 1966ஆம் ஆண்டு திசெம்பரிலேயே பசிபிக்குச் சமுத்திரத்தின் மேல் நீங்கியிருந்தது. வேர்னர் சுவோமி என்ற அறிஞர் அமைத்த கமரா, பூமியுடன் ஒத்துச் சுழன்று 22,300 மைல் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் நின்ற செய்மதியிலிருந்து, அரைமணிக்குள் ஒரு படமாக அனுப்பிற்று. முகில்கள் அசைவதை அன்றுதான் மனிதன் மேலிருந்து கண்டான். 1970களில் வேர்னன் துவோராக் என்பவர், முகிற்சுருளின் வடிவத்தைக் கொண்டே காற்றின் வேகத்தை மதிப்பிடும் முறையை வகுத்தார். இன்றும் அது கையாளப்படுகின்றது.

இந்து சமுத்திரத்துக்கு இத்தகைய கண் நெடுநாள் கிடைக்கவில்லை. உலக வளிமண்டலத்தை ஆராயும் அனைத்துலக ஆண்டுக்காக அவ்விடத்திற் செய்மதி நிறுத்துவதாகச் சொன்ன சோவியத் ஒன்றியத்தின் கருவி உரிய காலத்தில் ஆயத்தமாகவில்லை. அமெரிக்கா தன் பழைய செய்மதி ஒன்றைப் பெயர்த்துக் கொணர்ந்து வைத்தது. அவ்வாய்வாண்டு தொடங்கியது 1978 திசெம்பர் முதலாம் திகதி. அதற்கு எட்டு நாள்கள் முன்னர், நவம்பர் 23ஆம் திகதி இரவு, மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கி ஏறத்தாழ 900 உயிர்களைக் கொண்டது. ஆய்வாண்டு முடிந்தபின் அக்கண்ணும் நீங்கிற்று. 1983இல் ஏவப்பட்ட இந்தியாவின் இன்சாற் செய்மதியோடுதான் இப்பகுதிக்கு நிலையான நோக்கு வாய்த்தது.

படத்துக்கும் குடிசைக்கும் இடையிலிருந்த தூரத்தைக் குறைக்கும் முயற்சியோ வங்காளதேசத்தில் 1972ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. கிராமம்தோறும் தொண்டர்கள் தெரியப்பட்டனர். வானொலிப் பெட்டி ஒன்று, கைமணி ஒலிப்பான், ஒலிபெருக்கிக் குழல், கொடி ஆகியன அவர்களது கருவிகள். தூணின்மேல் எழுப்பிய அடைக்கலக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவை போதாமையால் 1991 ஏப்பிரிலில் மீண்டும் 1,38,000 பேர் வரை மாண்டனர். கட்டடங்கள் மேலும் பெருகின. 2007 நவம்பர் 15ஆம் திகதி சிதர் என்னும் அதே வலிமையுள்ள சூறாவளி வந்தபோது இலட்சக்கணக்கானோர் முன்கூட்டியே அகன்றிருந்தனர். உயிரிழந்தோர் ஏறத்தாழ 3,400.

அன்றும் அகலாது தங்கியவர் பலர். இரு மாதங்களுக்கு முன் விடுக்கப்பட்ட ஆழிப்பேரலை எச்சரிக்கை பொய்த்துப்போனது சிலருக்கு நினைவிருந்தது. வேறு சிலர் வீட்டையும் மாட்டையும் விட்டுச் செல்ல மனமில்லாதவர். மாடுதான் அவர்களது உழவு, பால், மறு வருடத்து விதைநெல் எல்லாம். மனிதரை ஏற்றும் கட்டடத்தில் அதனை ஏற்ற இடமில்லை. கில்லா என்று அம்மக்கள் வழங்கும் உயர்ந்த மண்மேடுகள் 1970களிலேயே கழிமுகத்தின் பல இடங்களில் எழுப்பப்பட்டன. எச்சரிக்கை கேட்டவுடன் மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவது அம்மேடுகளின் மேல்தான்.